வன்னியில் ஊர்ச் சனத்தோடு சேர்ந்து திட்டம் போடுவது எப்படி: கூட்டத்துக்கு வராதவர்களிடமிருந்து தொடங்குங்கள்

இலங்கையின் வடக்கே வன்னியில் எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் ஒரு பெயர்ப்பலகை நிற்கும். எந்த நாட்டு உதவி, எந்த நிறுவனம், எத்தனை ரூபா என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும், பின்னால் உள்ள கட்டடம் பூட்டியிருக்கும். 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறிய ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பொதுநோக்கு மண்டபங்கள், ஓடாமல் நிற்கும் மா அரைக்கும் இயந்திரங்கள், கொடுத்த கையோடு விற்கப்பட்ட ஆடுகள் என்று கணக்கெடுத்துப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு "மக்கள் பங்கேற்புக் கூட்டம்" நடந்திருக்கும், வரவுப் பதிவேட்டில் கையெழுத்துகளும் இருக்கும். சனம் வந்தது, இருந்தது, தேத்தண்ணி குடித்தது, கையெழுத்து வைத்தது, போனது. என்ன செய்வது என்ற முடிவு மட்டும் அதற்கு முன்னமே வேறெங்கோ எடுக்கப்பட்டிருந்தது.

இந்தக் குறிப்பு புதிதாகக் கள வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று காசு சேர்க்கிற ஊர்ச் சங்கங்களுக்கும், கிராம அபிவிருத்திச் சங்கத்தில் புதிதாகப் பொறுப்பெடுத்தவர்களுக்கும். இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: கூட்டத்துக்கு யார் வரவில்லை என்று பாருங்கள், அவர்களிடம் முதலில் போங்கள், முடிவையும் காசையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். மற்றதெல்லாம் அதற்கான வழிமுறைகள்.

போவதற்கு முன்

வன்னியில் ஊர் என்றால் ஒரே மாதிரி இல்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ் குடியேற்றத் திட்டங்களாக வந்த ஊர்களில் வயல் காணியும் வாய்க்காலும் கமக்கார அமைப்பும் (விவசாயிகளின் சங்கம்) இருக்கும். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்த சனத்தின் ஊர்கள், கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்றவை, அநேகமாக மேட்டு நிலத்தில் இருக்கின்றன. பலருக்குக் குளத்துக்குக் கீழே ஒரு துண்டு வயல்கூடக் கிடையாது, கூலி வேலைதான். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடற்றொழில், வவுனியாப் பக்கம் சின்னக் குளங்களைச் சுற்றிய பழைய ஊர்கள், மன்னாரில் கட்டுக்கரைக் குளத்து வயல்கள். கமக்கார அமைப்பைக் கூப்பிட்டுக் கதைத்துவிட்டு "ஊரைக் கேட்டேன்" என்று எழுதினால், வயல் இல்லாத அத்தனை பேரையும் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். வறுமை அதிகம் இருப்பது அவர்களிடம்தான்.

கையில் என்ன தகவல் ஏற்கெனவே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். கிராம அலுவலரிடம் குடும்ப விபரம் இருக்கும், பிரதேச செயலகத்தில் திட்டமிடல் பிரிவில் கிராம விபரத் தொகுப்பு இருக்கும், கமநல சேவை நிலையத்தில் காணி, பயிர்ப் பதிவுகள் இருக்கும். அதைப் பார்க்காமல் புதிதாக ஒரு படிவம் அச்சடித்துக்கொண்டு போகாதீர்கள். போரில் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் இருந்த காலத்திலிருந்து (அது 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது) இந்தச் சனம் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், இழப்பு, காயம், காணாமல் போனவர், எல்லாவற்றையும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள்! கேட்டு எழுதிக்கொண்டு போனவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பி வந்ததில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றியோ, யார் எந்தக் காலத்தில் எங்கே இருந்தார்கள் என்பது பற்றியோ உங்கள் வேலைக்குத் தேவையில்லாமல் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கள், எழுதாதீர்கள். ஊர்க் கூட்டங்களுக்குப் பாதுகாப்புத் தரப்பிலிருந்து ஆட்கள் வந்து நிற்பதும், கூட்டம் முடிந்த பிறகு யார் வந்தது, என்ன கதைத்தது என்று விசாரிப்பதும் இங்கே நடந்த விஷயங்கள். சனம் வாயைத் திறக்கவில்லை என்றால் அக்கறையில்லை என்று முடிவு கட்டாதீர்கள், பயந்திருக்கலாம்.

அடுத்தது காசு. உங்களிடம் எவ்வளவு இருக்கிறது, அதில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்யவே முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "முதலில் உங்கள் தேவைகளைச் சொல்லுங்கள், பிறகு பார்ப்போம்" என்று கேட்டால் வீடு, வீதி, கிணறு, யானை வேலி, வேலைவாய்ப்பு என்று முழுவதையும் சொல்வார்கள், நீங்கள் கடைசியில் தையல் இயந்திரத்தோடு போய் நிற்பீர்கள். அது சனத்தை ஏமாற்றுவது. இருக்கிறது மூன்று இலட்சம், அது வாழ்வாதாரத்துக்குத்தான் செலவழிக்கலாம், கட்டடம் கட்ட முடியாது என்று நேரே சொன்னால் சனம் நேரே பதில் சொல்லும்.

முதலில் நடவுங்கள்

கூட்டம் வைக்காதீர்கள். முதல் சில நாட்கள் ஊரை நடந்து பாருங்கள். குளக்கட்டில் தொடங்கி, துருசு (குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு), வாய்க்கால், வயல், மேட்டுக் காணி, குடியிருப்பு, காட்டோரம் என்று ஒரு கோடாக நடந்து ஊரின் மறுகரை வரை போக வேண்டும். கூட வருவதற்குச் சங்கத் தலைவரை மட்டும் கூப்பிடாதீர்கள், அவர் உங்களைத் தார் போட்ட வீதியால் கூட்டிப் போவார். மாடு மேய்க்கிற ஒரு ஐயா, விறகுக்குக் காட்டுக்குப் போகிற ஒரு அம்மா, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், இவர்கள் போதும். எந்தக் கிணறு ஆனி ஆடியில் வற்றும், எது உவர், யானை எந்தப் பக்கத்தால் இறங்கும், மழைக்கு எந்த ஒழுங்கை மூடும், மிதிவெடி அகற்றியது எந்தப் பக்கம், இன்னும் போகப் பயப்படுகிற இடம் எது, இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கடைசி வீடு வரை போங்கள். ஊரின் ஓரத்தில், வாய்க்கால் முடிகிற இடத்தில், மின்கம்பம் நின்றுபோகிற இடத்தில் உள்ள வீடுகளில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

போகிற வீட்டில் கதிரையை எடுத்துப் போடுவார்கள், "சேர்", "மிஸ்" என்பார்கள். அவர்கள் பாயிலோ திண்ணையிலோ இருந்தால் நீங்களும் அங்கேயே இருங்கள். அம்மா, ஐயா, அக்கா, அண்ணை என்று முறை வைத்துக் கதையுங்கள். குறிப்புப் புத்தகத்தை உடனே எடுக்க வேண்டாம். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள், சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்காதீர்கள், ஏனென்றால் உங்களுக்குச் சோறு போடுவதற்காக ஒரு பிள்ளையின் பங்கு குறையக்கூடும்.

நிலத்தில் வரைபடம்

ஊர்ச் சனமே நிலத்தில் வரைபடம் கீறுவது, பருவ நாட்காட்டி போடுவது போன்ற முறைகள் 1980களின் கடைசியில் இந்தியாவிலும் கென்யாவிலும் ஊர்களில் வேலை செய்தவர்கள் கையில் உருவானவை. அவற்றைத் தொகுத்து உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்களில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்து வேலை செய்த ராபர்ட் சேம்பர்ஸ் முக்கியமானவர். அவர் சொன்னதில் இன்றைக்கும் உதவுவது மிகச் சின்ன ஒன்று: தடியை மற்றவர் கையில் கொடுத்துவிடு. நிலத்தில் கீறுகிற தடி உங்கள் கையில் இருக்கும் வரை அது உங்கள் வரைபடம்தான்.

எப்படிச் செய்வது? நிழலான, கூட்டித் துப்புரவாக்கின ஒரு மண் தரை போதும். வாசிகசாலை முற்றம், முன்பள்ளி வளவு, பெரிய மரத்தடி. சாம்பல், உமி, கோலமா, செங்கல் துண்டு, இலை, புளியங்கொட்டை, கச்சான் கோது என்று ஊரில் கிடைப்பதைக் குவித்து வையுங்கள். பிரதான வீதியையும் குளத்தையும் அவர்களே முதலில் போடட்டும், பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொட்டை. தொடங்கினால் போதும், நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். பிழை பிடிக்க மற்றவர்கள் இருக்கிறார்கள், "அது அங்கே இல்லை, கோயிலுக்கு இந்தப் பக்கம்" என்று ஆளுக்கு ஆள் திருத்துவார்கள், அந்தத் திருத்தத்தில்தான் தகவல் இருக்கிறது. வீடுகள் முடிந்தபின் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: பெண் தலைமையில் உள்ள வீடுகளுக்கு ஒரு பூ, மாற்றுத்திறனாளி உள்ள வீட்டுக்கு ஒரு கல், குடிதண்ணீர்க் கிணறு, மலசலகூடம் இல்லாத வீடு, காணிப் பத்திரம் இல்லாத வீடு. நிறைய அடையாளம் போட்டால் ஒருவருக்கும் விளங்காது, உங்கள் வேலைக்குத் தேவையான நாலைந்து போதும்.

பெண்களும் ஆண்களும் வேறு வேறாக வரைய வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். ஆண்கள் போடும் படத்தில் குளம், வயல், வாய்க்கால், கடை, கமநல சேவை நிலையம் எல்லாம் பெரிதாக இருக்கும். பெண்கள் போடும் படத்தில் தண்ணீர் அள்ளும் கிணறு, விறகு பொறுக்கும் காட்டோரம், பிள்ளை நடந்து போகிற வழியில் வெளிச்சமில்லாத இடம், கள்ளச் சாராயம் விற்கிற வளவு எல்லாம் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரு பகுதியையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதன் பிறகு எழும் கதை பெரும்பாலும் எந்தக் கருத்துக்கணிப்பிலும் வராத கதை.

ஒருவர் வந்து தடியைப் பறித்துக்கொண்டு தானே எல்லாம் போடத் தொடங்குவார். ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு, அநேகமாக நல்ல மனிதர், பல காலம் சங்கத்தில் இருந்து ஊருக்காக அலைந்தவர். அவரை அவமானப்படுத்தாதீர்கள். "ஐயா, ஊரின் பழைய கதை உங்களுக்குத்தான் தெரியும், இங்கால வாங்கோ" என்று வேறு ஒரு வேலையைக் கொடுங்கள். எந்த ஆண்டில் யார் வந்து குடியேறினார்கள், குளம் எப்போது உடைத்தது, இடப்பெயர்வுகள் எப்போது, திரும்பி வந்தது எப்போது என்று காலக்கோடு போடுவதற்கு அவரைப் போல ஆள் கிடைக்காது.

கடைசியாக, வரைந்ததைக் கடதாசியில் பிரதி எடுக்க வேண்டும். நல்ல பிரதி ஊருக்கு, உங்களுக்கு ஒரு கைபேசிப் படம் போதும். பல நிறுவனங்கள் தலைகீழாகச் செய்கின்றன, வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய் அலுவலகச் சுவரில் ஒட்டுகிறார்கள். அது அந்தச் சனத்தின் சொத்து.

பருவ நாட்காட்டி

பன்னிரண்டு மாதங்களையும் நிலத்தில் பன்னிரண்டு கட்டமாகக் கீறி, ஒவ்வொன்றுக்கும் கொட்டை வைக்கச் சொல்லுங்கள்: மழை, வேலை, கையில் காசு, கடன், சாப்பாட்டுக் கஷ்டம், காய்ச்சல், பிள்ளைகளின் செலவு. வன்னியில் இது தெளிவாக ஒரு கதை சொல்லும். ஐப்பசி மழையோடு காலபோகம் (மழைக்கால நெற்செய்கை) தொடங்கும், விதைநெல், உழவு, பசளை என்று காசு தேவைப்படும், நகை அடைவுக்குப் போகும். மாசி பங்குனியில் அறுவடை, எல்லோரும் ஒரே நேரத்தில் அறுப்பதால் விலை விழும், நெல்லைக் காய வைக்க இடமில்லாமல் வீதியில் பரப்புவார்கள், கடன்காரர் வயலுக்கே வந்து நிற்பார், ஈர நெல்லாகவே லொறியில் போய்விடும். ஆடி ஆவணியில் கூலி வேலையும் இல்லை, கிணற்றில் தண்ணீரும் இல்லை.

இந்தப் படத்தைச் சனமே போட்டுப் பார்த்த பிறகு "உங்களுக்கு என்ன வேண்டும்" என்ற கேள்விக்கு வரும் பதிலே மாறிவிடும். முதலில் ஆடு, கோழி, தையல் இயந்திரம் என்று சொன்னவர்கள் (ஏனென்றால் நிறுவனங்கள் கொடுப்பது அதுதான் என்று அவர்களுக்குத் தெரியும்) இப்போது நெல் காயவிடும் தளம், அறுவடையை ஒரு மாதமாவது பிடித்து வைக்க ஒரு களஞ்சியம், ஐப்பசியில் குறைந்த வட்டிக்குச் சுழற்சிக் கடன் என்று கதைப்பார்கள். கரையோர ஊரில் படம் வேறு. அங்கே கடல் கொந்தளிக்கும் மாதங்களும், நாயாற்றில் தெற்கிலிருந்து பருவகாலத் தொழிலாளர் வந்து வாடி (மீனவர் கொட்டில்) போடும் மாதங்களும் கஷ்டத்தைத் தீர்மானிக்கின்றன. வயலுக்குச் சொன்ன தீர்வைக் கடலுக்குக் கொண்டுபோக முடியாது.

நாட்காட்டி உங்களுக்கும் தேவை. விதைப்பு, அறுவடை நேரம் கூட்டம் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் நாட்கள், ஆவணியில் மடுத் திருவிழா, மார்கழியில் பரீட்சைக் காலம், இதெல்லாம் பார்த்து நாள் வையுங்கள். நுண்கடன்காரர் கிழமைக்கொருக்கால் காசு சேர்க்க வரும் நாளைக் கட்டாயம் கேட்டறியுங்கள். அன்றைக்குப் பல பெண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் மனம் இருக்காது.

யார் ஏழை என்று யார் சொல்வது

2023இல் வறிய குடும்பங்களுக்கான அரசின் அஸ்வெசும கொடுப்பனவு வந்தபோது நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 22 குறிகாட்டிகள் வைத்துப் புள்ளி போட்டுத் தெரிவு செய்தார்கள். பட்டியல் வெளிவந்ததும் நாடு முழுக்கப் பிரதேச செயலகங்களுக்கு முன்னால் சனம் வரிசையில் நின்று மேன்முறையீடு செய்தது. கல்வீடு இருக்கிறது என்பதற்காக விடுபட்டவர்கள் வன்னியில் இருக்கிறார்கள், அந்த வீடே வீட்டுத் திட்டத்தில் கிடைத்தது, அதைக் கட்டி முடிக்கப் பட்ட கடன்தான் அவர்களை விழுத்தியது என்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

ஊர்ச் சனத்துக்கு இது தெரியும். ஆனால் பொதுக் கூட்டத்தில் எழுந்து நின்று "யார் ஏழை, கை உயர்த்துங்கோ" என்று கேட்கக் கூடாது. மானம் உள்ளவர் உயர்த்தமாட்டார், கெட்டிக்காரர் எல்லோருக்கும் முன்னால் உயர்த்துவார். இப்படிச் செய்யுங்கள்: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு மட்டை, அதில் வீட்டு இலக்கம் மட்டும். நாலைந்து பேர் கொண்ட மூன்று சிறு குழுக்கள், ஒன்றுக்கொன்று தெரியாமல், ஊரின் வெவ்வேறு மூலைகளிலிருந்து, அதில் ஒன்றாவது முழுவதும் பெண்களாக. ஒரே மாதிரிச் சீவிக்கிற வீடுகளை ஒன்றாகக் குவிக்கச் சொல்லுங்கள், எத்தனை குவியல் என்பது அவர்கள் விருப்பம். பிறகு ஒவ்வொரு குவியலுக்கும் "இவர்கள் ஏன் இதில்?" என்று கேளுங்கள். வருமானம் எவ்வளவு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள், சொல்வது வேறு: நகை அடைவிலிருந்து திரும்பி வராத வீடு, கூலிக்கு அனுப்ப ஆண்பிள்ளை இல்லாத வீடு, உடம்பில் ஷெல் துண்டோடு வேலை செய்ய முடியாதவர், காணி இருந்தும் அனுமதிப்பத்திரம் இறந்துபோன தகப்பன் பெயரில் இருப்பதால் ஒரு உதவியும் எடுக்க முடியாதவர், வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது என்று ஊர் நினைத்து, உண்மையில் வராமல் இருப்பவர். இவைதான் உங்கள் தெரிவு அளவுகோல்கள், அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே எழுதுங்கள்.

மூன்று குழுவும் ஒரே வீட்டை மிகவும் கஷ்டப்படுகிற கடைசிக் குவியலில் போட்டிருந்தால் சந்தேகமில்லை. ஒரு குழு மட்டும் வேறாகப் போட்டிருந்தால் அந்த வீட்டுக்கு நீங்களே போங்கள். அநேகமாக அங்கே ஒரு கோபம், ஒரு காணிச் சண்டை, ஒரு சாதி விஷயம் இருக்கும். வன்னியில் சாதி இல்லை என்று சொல்வார்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள் என்ற பேச்சும் இல்லை என்று சொல்வார்கள். கூட்டம் எந்த வளவில் வைத்தால் யார் வராமல் விடுகிறார்கள் என்று கவனியுங்கள், விளங்கும். ஆகவே கோயில் மண்டபம், ஒருவரின் வீட்டு முற்றம் இரண்டையும் தவிர்த்துப் பள்ளிக்கூடம், முன்பள்ளி போன்ற பொது இடத்தில் வையுங்கள், தேவைப்பட்டால் இரண்டு இடத்தில் இரண்டு கூட்டம்.

முடிவு எடுப்பது

இந்த இடத்தில்தான் நல்ல நோக்கத்தோடு வந்தவர்களும் கையை இறுக்கிக்கொள்கிறார்கள். தகவல் எடுக்கும் வரை பங்கேற்பு, தீர்மானம் மட்டும் அலுவலகத்தில்.

செய்ய வேண்டியது: தெரிவுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவு, யாருக்குப் பயன், பிறகு யார் பராமரிப்பது என்று சனத்தோடு சேர்ந்து நிரப்புங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவரும் பார்க்கும்படி படமாக இருக்கட்டும். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து விரும்பியதற்கு விரும்பிய அளவு போடச் சொல்லுங்கள். மூடின சிரட்டைக்குள் போட்டால் நல்லது, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கமாட்டார். பெண்களின் கொட்டையையும் ஆண்களின் கொட்டையையும் வேறு வேறாக எண்ணுங்கள், கடைசிக் குவியல் வீடுகளின் கொட்டையையும் தனியாக எண்ணுங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் பெரும்பான்மை என்று முடித்துவிடாமல் அந்த வித்தியாசத்தையே கூட்டத்தில் போட்டுக் கதையுங்கள். குளத்துக்குக் கீழே வயல் உள்ள 60 வீடு வாய்க்கால் திருத்தம் கேட்கும், வயல் இல்லாத 25 வீடு குடிதண்ணீர் கேட்கும். எண்ணினால் வாய்க்கால் வெல்லும், ஒவ்வொரு முறையும் வாய்க்கால்தான் வெல்லும். உங்கள் காசு அந்த 25 வீட்டுக்கு என்று வந்ததென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

வேண்டாம் என்று சொல்லவும் விடுங்கள். இதற்கு வீட்டுத் திட்டங்களைப் பாருங்கள். 2012இல் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது, வீட்டைச் சனமே நின்று கட்டியது. மேசன் யார், அடுப்படி எந்தப் பக்கம், எந்தச் சாமான் எங்கே வாங்குவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. பொருள் விலை ஏறிப் பலர் கடன்பட்டார்கள், அது உண்மை, தொகை போதவில்லை. ஆனாலும் அது தங்கள் வீடு என்று சொல்கிறார்கள். பிறகு 65,000 முன்பொருத்து இரும்பு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தபோது, ஒரு வீட்டுக்கு 20 இலட்சத்துக்கு மேல் விலை, வன்னி வெய்யிலுக்குள் தகரமும் இரும்பும், மேசனுக்கும் கல்லரிகிறவருக்கும் ஒரு நாள் கூலியும் இல்லை என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது, திட்டமிட்டபடி அது நடக்கவில்லை. அதே காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம் என்பதை முன்கூட்டியே ஊரில் கேட்டிருந்தால் எந்த மேசனும் கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பார்.

தண்ணீர் விஷயம்

வன்னியில் பங்கேற்பு என்றால் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும். இரணைமடுவுக்குக் கீழே 20,000 ஏக்கருக்கு மேல் வயல், சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கை) எவ்வளவு ஏக்கர் விதைப்பது என்பது குளத்து நீரைப் பார்த்துக் கூட்டத்தில் முடிவாகும். முடிவு ஒன்று, வாய்க்காலில் நடப்பது இன்னொன்று. வாய்க்காலின் தலைப்பில் உள்ளவருக்கு நிரம்பப் பாயும், கடைசியில் உள்ளவர் இரவில் மண்வெட்டியோடு காவல் இருப்பார்.

இதற்கு இலங்கையிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 1981இல் அம்பாறை கல்லோயாவின் இடதுகரையில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை வாய்க்கால் ஓரத்திலேயே குடியிருக்க அனுப்பின. அவர்கள் சங்கம் அமைக்கவில்லை, பதிவு செய்யவில்லை, தலைவர் தெரிவு வைக்கவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் பாயும் விவசாயிகளை வீடு வீடாகச் சந்தித்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு சின்ன வேலையை, வாய்க்காலைத் துப்புரவாக்குவதை, முறை வைத்துப் பாய்ச்சுவதை, அவர்களாகவே தொடங்க வைத்தார்கள். ஒழுங்கான அமைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. மேலே சிங்கள விவசாயிகள், கடைசியில் தமிழ் விவசாயிகள் இருந்த இடங்களிலும் தண்ணீர் கீழே போய்ச் சேர்ந்தது. 1988இல் அரசாங்கம் பங்கேற்பு நீர் முகாமைத்துவத்தைக் கொள்கையாக எடுத்ததில் இந்த அனுபவத்துக்கும் பங்குண்டு.

நீங்கள் செய்யக்கூடியது இதைத்தான். கமக்கார அமைப்பின் முழுக் கூட்டத்தில் தொடங்காமல், ஒரு வாய்க்காலில் கடைசி மடையில் உள்ளவரிடம் தொடங்குங்கள். அவரோடு வாய்க்கால் வழியே மேலே நடந்து, ஒவ்வொரு மடைக்காரரையும் சேர்த்துக்கொண்டே தலைப்பு வரை போங்கள். வயல்களுக்குத் தண்ணீர் பகிர்வதைப் பார்க்கும் வட்டவிதானையைக் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள், அவரை விட்டுவிட்டு ஒரு முறையும் நிலைக்காது. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் இரண்டாவது நடைக்கு வந்தால் போதும், முதலாவதில் சனம் தங்களுக்குள் கதைத்து முடிக்கட்டும்.

காசும் வேலையும்

புதிய குழு அமைக்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குழு அமைத்து, ஒரே அக்கா ஐந்து குழுவில் செயலாளராக இருந்து, வீட்டுவேலையும் பார்த்துக் களைத்துப்போய் இருக்கிறார். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்கார அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம் என்று சட்டப்படி உள்ளவற்றோடு வேலை செய்யுங்கள். கமக்கார அமைப்புகளுக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமே இருக்கிறது. குறிப்பிட்ட தொகைக்குள் அரச வேலைகளையே கேள்விப்பத்திரம் இல்லாமல் இந்தச் சங்கங்கள் ஒப்பந்தமாக எடுக்கலாம். மதகு திருத்தம், உள்வீதி, கிணறு, இதெல்லாம் ஊர் மேசனும் ஊர் கூலியும் செய்யக்கூடியவை. சங்கம் செத்துக் கிடந்தால், பொதுக்கூட்டம் வைத்துப் புது நிர்வாகம் தெரிவு செய்யக் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரின் உதவியைக் கேளுங்கள்.

காசு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கையெழுத்து இரண்டு பேருடையது, ஒருவர் பெண். சாமான் வாங்கப் போவது மூன்று பேர், அதில் ஒருவர் அந்தச் சாமானைப் பாவிக்கப் போகிறவர். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவழிந்தது, மிச்சம் எவ்வளவு என்று வாசிகசாலைச் சுவரிலோ கடை வாசலிலோ பெரிய எழுத்தில் மாதம் ஒருமுறை ஒட்டுங்கள், பற்றுச்சீட்டுப் பிரதியோடு. உங்கள் நிறுவனத்தின் சம்பளம், வாகனச் செலவையும் அதில் எழுதுங்கள், அது சனத்துக்குத் தெரியக்கூடாத இரகசியம் இல்லை.

சிரமதானம், அதாவது கூலியில்லாமல் ஊர் சேர்ந்து செய்யும் பொதுவேலை பற்றியும் சொல்ல வேண்டும். 1958இல் சர்வோதய இயக்கம் தொடங்கியதிலிருந்து இந்த நாட்டில் சிரமதானத்துக்கு ஒரு பெரிய மரியாதை இருக்கிறது, வன்னியிலும் அப்படித்தான். ஆனால் "மக்கள் பங்களிப்பு 20 வீதம், உழைப்பாக" என்று திட்டத்தில் எழுதும்போது கொஞ்சம் யோசியுங்கள். நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சிரமதானம் என்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது. வயல்காரர் தன் வாய்க்காலுக்கு மண் வெட்டலாம், வயலே இல்லாதவரை அதற்குக் கூப்பிட்டுப் பெயர் எழுதுவது அநியாயம். பயன் உள்ளவர் உழைக்கட்டும், இல்லாதவருக்குக் கூலி கொடுங்கள். கைக்குழந்தை உள்ள பெண்களிடமும் ஊனமுற்றவர்களிடமும் பங்களிப்புக் கேட்கவே வேண்டாம் என்று கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வையுங்கள், பிறகு ஒருவரும் குத்திக் கதைக்கமாட்டார்கள்.

விட்டுப் போகும்போது

திட்டம் முடிகிற திகதியைத் தொடக்கத்திலேயே சொல்லியிருப்பீர்கள். முடிவதற்கு ஒரு போகம் முன்னமே பராமரிப்பை அவர்கள் கையில் கொடுத்து, நீங்கள் இருக்கும்போதே அது எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பம்பி பழுதானால் யார் திருத்துவது, காசு எந்தக் கணக்கிலிருந்து, சாவி யாரிடம். சாவி விஷயம் சின்னது போலத் தெரியும், பூட்டிக் கிடக்கும் கட்டடங்களில் பாதி அந்தச் சாவியால் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டு சாவி செய்து, ஒன்று சங்கத்திடம், மற்றது கட்டடத்துக்குப் பக்கத்து வீட்டில்.

வரைபடம், பருவ நாட்காட்டி, தெரிவு அளவுகோல்கள், கணக்குப் புத்தகம், தீர்மானப் புத்தகம் எல்லாவற்றிலும் ஒரு பிரதி வாசிகசாலையில், ஒன்று சங்கத்திடம், ஒன்று கிராம அலுவலரிடம். வீட்டுக் குவியல் மட்டைகளை மட்டும் எங்கும் வைக்காமல் அவர்கள் முன்னாலேயே கிழித்துவிடுங்கள். அடுத்த நிறுவனம் படிவத்தோடு வரும்போது, "எங்களிடம் இருக்கிறது, இதைப் பாருங்கோ, இதில் மூன்றாவது வேலை இன்னும் செய்யவில்லை, அதற்கு உங்களிடம் காசு இருக்கிறதோ?" என்று அந்த ஊரில் யாராவது ஒருவர் கேட்கும்படி அந்தப் பிரதிகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். காலபோக அறுவடை முடிந்த பிறகு ஒருமுறை திரும்பிப் போய், கூட்டம் எதுவும் வைக்காமல், வாய்க்கால் முடியும் இடத்திலுள்ள அந்தக் கடைசி வீடுகளுக்கு முதலில் போய் என்ன நடந்தது என்று கேளுங்கள், பிறகு தலைவரைப் பாருங்கள்.